நடக்கத் தெரியுமா?

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை, கோட்டக்குப்பத்தில் நான் குடியிருக்கும் வீட்டு வாசற்படியில் விழுந்தேன். மொத்தம் மூன்றே படிகள். பல வருஷங்களாக ஏறி இறங்கிய படிகள்தான். கடற்கரைப் பக்கம் போய் வரலாம் என்று கிளம்பியவன், கடைசிப் படி ஒன்று பாக்கி இருப்பதை மறந்து, தரை வந்துவிட்டதாக எண்ணிக் காலை வைத்தேன். எலும்பு முறியவில்லை. கணுக்கால்தான் வீங்கிவிட்டது.

சென்னையிலிருந்து என் மகள் லீவு போட்டுவிட்டு வந்து பதினைந்து நாள் இருந்தாள். ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஊருக்குப் புறப்படும்போது மட்டும், பெட்டியை மூடிக்கொண்டே, "அப்பா, இறங்கும்போது படியைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை.

விழுந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? ஓர் அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தில் இருந்தேன். நாற்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன். என் பாத்திரங்களில் யார் பாதத்தை இழுத்து நடப்பார், யார் குதிகால் அதிர நடப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. நான் எப்படி நடக்கிறேன் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். மனம் உயர்ந்தது, உடம்பு அதைச் சுமக்கும் மாடு என்று எண்ணியே வளர்ந்தவன் நான். மாடு படுத்துக்கொண்டால்தான் அதன் ஞாபகம் வரும். இதை ஒரு குறை என்று நான் நினைத்ததில்லை. சொல்லப் போனால் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவள் என் மகள் என்பது அவள் போன பிறகுதான் உறைத்தது.

புலன்கள் ஐந்து என்று சிறு வயதில் படித்தோம். சார்லஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1906-ல் இன்னொன்றுக்குப் பெயர் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதே, அந்த உணர்வு. தசையிலும் தசைநாரிலும் மூட்டிலும் உள்ள நுண்ணிய உறுப்புகள் ஓயாமல் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. வயது ஏற ஏற இந்தச் செய்தி மங்குகிறது. பார்வையும் தசை வலுவும் அதோடு சேர்ந்து குறைகின்றன. உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,84,000 பேர் கீழே விழுந்து சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் அறுபதைக் கடந்தவர்களே அதிகம். என்னைப் போன்றவர்களுக்கு மூன்று படிகள் என்பது சின்ன விஷயம் அல்ல.

"கவனித்தால் போயிற்று" என்று சொல்லிவிடலாம். ஆனால் கவனிப்பது அவ்வளவு சுலபமா? ஆஸ்திரேலியாவில் 1890-களில் அலெக்ஸாண்டர் என்று ஒரு நடிகர் இருந்தார். மேடையில் பேசப் பேசக் குரல் கட்டிக்கொள்ளும். வைத்தியர்களால் காரணம் சொல்ல முடியவில்லை. கண்ணாடி முன் நின்று தம்மையே பார்க்க ஆரம்பித்தார். பேச வாயெடுத்ததும் தலை தன்னையறியாமல் பின்னால் இழுபடுவதைக் கண்டார். சரி, தலையை முன்னே கொண்டுவருவோம் என்று முயன்றார். முன்னே வந்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது. கண்ணாடியிலோ தலை இன்னும் பின்னால் போயிருந்தது! பழகிப்போன பிழை நமக்குச் சரியாகவே தோன்றும். இது உடம்புக்கு மட்டும் உரிய நியதி அல்ல என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கணுக்கால் தேறி வந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பாய் மாலையில் வந்து பேசிக்கொண்டிருப்பார். எழுபத்தைந்து வயது. மளிகைக் கடையை மகன்களிடம் விட்டுவிட்டவர். கடமையான ஐந்து வேளைத் தொழுகையில் ஒரு நாளைக்குப் பதினேழு ரக்அத்துகள்; முப்பத்து நான்கு முறை நெற்றி தரையைத் தொட வேண்டும். இரண்டு வருஷமாக அவருடைய முழங்கால் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்.

"அது உங்களுக்கு வருத்தமா இல்லையா, பாய்?" என்று கேட்டேன்.

"முதல்ல இருந்துச்சு சார். முடியாதவங்க உட்கார்ந்து தொழலாம்னு மார்க்கத்திலேயே இருக்கு. ஆனாலும் மனசு கேக்கலை. அப்புறம் ஒண்ணு புரிஞ்சுது. கால் நல்லா இருந்தப்ப உடம்பு பாட்டுக்குக் குனியும், நிமிரும். மனசு கடைக் கணக்குல நிக்கும். இப்ப ஒவ்வொரு தடவையும் இடுப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் குனியறேன். அதனால தொழுகையில நானும் இருக்கேன்."

"அப்படியானால் நல்ல தேகப் பயிற்சிதான்" என்றேன்.

அவர் சிரித்தார். "பயிற்சி இல்ல சார், தொழுகை. பயிற்சின்னா நமக்காகச் செய்யறது."

அந்தப் பதில் என்னை யோசிக்க வைத்தது. எங்கள் ஊருக்குச் சமீபத்தில்தான் ஆரோவில் இருக்கிறது. அங்கே 1992 முதல் பள்ளிக் குழந்தைகளுக்கு உடம்பின் வழியாக விழிப்பைக் கற்றுத் தருகிறார்கள். கண்ணை மூடி நிற்பது, மூச்சைக் கவனிப்பது, சமநிலை காப்பது, இப்படி. சென்னையில் வாழ்ந்து 1989-ல் நூறு வயதில் மறைந்த யோகாசாரியர் கிருஷ்ணமாச்சாரியார், அசைவை மூச்சோடு இணைக்கச் சொன்னார். ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்ற வேண்டுமே தவிர, ஆசனத்துக்காக ஆளை வளைக்கக் கூடாது என்பது அவர் முறை. எல்லாம் நல்லவையே. ஆனால் இவையெல்லாம் அவகாசம் உள்ளவர்களின் காரியம் இல்லையா? எனக்காக என் காலை நான் கவனித்துக்கொண்டிருப்பது சுயநலத்தின் நாகரிகமான பெயர்தானா?

இந்தக் கேள்வியோடுதான் பங்குனியில் ஒரு நாள் மரக்காணம் போனேன். வடக்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். வெயிலுக்குப் பயந்து இருட்டிலேயே வேலை தொடங்கிவிடுகிறார்கள். பாத்தியில் நின்று நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை வாரி ஒதுக்குகிறார்கள். கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரையில் கொட்டுகிறார்கள். உவர்நீரில் ஊறிய பாதங்கள் தடித்து வெடித்திருக்கின்றன. சூரியன் ஏறிவிட்டால் உப்பின் வெண்மை கண்ணைக் குத்துகிறது.

கூடையை இறக்கிவிட்டு நின்ற ஒரு வயதான பெண்ணிடம், "காலெல்லாம் எரியுமே அம்மா?" என்று கேட்டேன்.

"எரிஞ்சதெல்லாம் புதுசுலதான் சாமி. இப்பக் கால் இருக்கறதே தெரியாது. காலை நெனச்சிக்கிட்டு நின்னா வேலை ஓடுமா?"

நானும் என் காலை அறியாமல் இருந்தவன்தான். எனக்கு அது அலட்சியம். அவளுக்கு அது கூலிக்கு வழி. அவளிடம் போய் 'உடம்பைக் கவனி' என்று உபதேசிப்பவன் மனிதனாக இருக்க முடியாது. அவளுக்கு வேண்டியவை காலுக்கு நல்ல ரப்பர் பூட்ஸ், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, ஒதுங்க நிழல், உடம்புக்கு ஏற்ற கூலி. அவற்றைக் கொடுக்க வேண்டியவர்கள் மற்றவர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரு வெட்கமான விஷயம் நினைவுக்கு வந்தது. அந்த வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். என் பழைய நாவல் ஒன்றில் இதே உப்புக் குவியல்களை வர்ணித்தும் இருக்கிறேன். நிலாவில் மின்னும் வெள்ளை மலைகள் என்று எழுதினேன். அந்தப் பக்கத்தில் ஒரு பாதம்கூட இல்லை. என் கணுக்கால் வீங்கி, ஒவ்வோர் அடியையும் எண்ணி வைத்த பிறகுதான், இன்னொருத்தியின் பாதத்தைக் காண எனக்குக் கண் திறந்தது.

ஆகவே என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். தன் உடம்பைக் கவனிப்பது தன்னோடு நின்றுவிட்டால் சுயநலம்தான். பிறருக்கு வலிக்கும் என்பதை அதன் வழியே தெரிந்துகொண்டால் அது சுயநலம் ஆகாது. பாய் சொன்ன வித்தியாசத்தையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இப்போது தினமும் அந்த மூன்று படிகளையும் நின்று, பாதம் பதிந்ததை உணர்ந்து இறங்குகிறேன். அரை நிமிஷம் ஆகிறது. சில நாள் மறந்தும் போகிறது. மகள் தொலைபேசியில் கூப்பிட்டால் இன்றைக்கும் என்னை விசாரிப்பதற்கு முன்னால் படியைத்தான் விசாரிக்கிறாள்.