தீருமா, தணியுமா?

நோயிலிருந்து அறவே விடுபடுவதுதான் குணம் என்றும், மற்றதெல்லாம் தோல்வியே என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. ஒற்றைத் தலைவலியால் வாடுவோர் மருத்துவரிடம் முதலில் கேட்பதும் இதுதான்: "இது தீருமா? காலமெல்லாம் தணித்துக்கொண்டே வாழ வேண்டியதுதானா?" மருத்துவத்தைச் சார்ந்ததாகத் தோன்றும் இக்கேள்வி நம் ஈமானையும் தொடுகிறது. எந்த நோயையும் அதற்குரிய மருந்தின்றி இறைவன் இறக்கவில்லை என்பது அருமை நாயகம் (ஸல்) அவர்களின் அறிவிப்பு. அவ்வாறிருக்க, 'தீராது' என்று மருத்துவர் கூறுவதை ஒரு முஸ்லிம் ஏற்கலாமா?

இந்நோய் மிகப் பழையது. கிரேக்க மருத்துவர் கேலன் இதற்கு 'அரைத்தலை' என்ற பொருளில் இட்ட பெயரே மருவி 'மைக்ரேன்' ஆயிற்று. அரபியர் 'ஷகீகா' என்றனர். அதன் பொருளும் தலையின் ஒரு பாதியைக் குறிப்பதே. இப்னு சீனா தமது 'கானூன்' நூலில் இதைத் தனியே ஆராய்ந்துள்ளார். உலக மக்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு இது உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு மிகுதி. மருந்தின்றி விட்டால் ஒருமுறை எழுந்த வலி 4 மணி முதல் 72 மணி வரை நீடிக்கக்கூடும். வெளிச்சமும் ஓசையும் பகையாகும், குமட்டல் வாட்டும். பெரும்பாலும் மரபுவழி வரும் மூளையின் இயல்பே இதற்கு அடிப்படையாதலால், கட்டியை அறுத்தெடுப்பதுபோல் இதை அறுத்தெடுக்க இயலாது.

காஞ்சிபுரத்தின் குழித்தறி ஒன்றில் அமர்ந்திருக்கும் நெசவாளிக்கு இந்நோய் இருப்பதாகக் கொள்வோம். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாகக் கோர்வை போட்டு நெய்யும் சேலைக்கு இருவர் சேர்ந்து உழைக்க வேண்டும். ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டால் மற்றவர் கையும் ஓய்ந்துவிடும். ஜரிகையின் மினுக்கம் கண்ணைக் குத்தும். தறியின் ஓசை மண்டையில் இடிக்கும். நெய்த சேலைக்குத்தான் கூலி. படுத்த நாளுக்கு ஏது? அவரிடம் போய், "வெறும் தலைவலிதானே!" என்பது எத்தகைய கொடுமை! காயமில்லை, காய்ச்சலில்லை என்பதால் வலியே இல்லை என்று சாதிப்பது ஒருவரைப் பொய்யர் என்பதற்கு ஒப்பாகும். நம் இல்லங்களில் இந்தப் பழியைப் பெரிதும் சுமப்பவர் பெண்களே.

இனி, மருத்துவம் என்ன செய்கிறது எனக் காண்போம். வலி எழும்போது அடக்கும் மருந்துகள் ஒருவகை. 1990-களில் பரவிய 'டிரிப்டான்' மருந்துகள் இவ்வகையின. வராமல் தடுப்பவை மற்றொருவகை. புரோப்ரனோலால் பழையது, 2018 முதல் வந்துள்ள ஊசி மருந்துகள் புதியவை. தடுப்பு மருந்தால் மாதம் 12 நாள் வலித்தவருக்கு 6 நாளாகக் குறைந்தாலே மருத்துவர் அதை வெற்றியெனக் கொள்கிறார். அதே வேளையில், சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்றும் எச்சரிக்கிறார். பலருக்கு வயது ஏற ஏற நோய் தானே தளர்வதும் உண்டு. ஆனால், "ஒரே வேளையில் வேரறுப்பேன்" என்று எவரேனும் உறுதி கூறினால், அவர் விற்பது மருந்தன்று, ஆசையையே.

அப்படியானால் நபிமொழியின் பொருள் என்ன? மருந்து உண்டு என்பது தேடத் தூண்டும் சொல். அது இன்றே நம் கைக்கு எட்டிவிட்டதென அச்சொல் கூறவில்லை. அறிந்தவர் அறிவர், அறியாதவர் அறியார் என்ற கருத்தும் ஹதீஸில் உண்டு. பெருமானார் (ஸல்) அவர்களே இஹ்ராம் நிலையில் ஷகீகாவுக்காகத் தலையில் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டதாகப் புகாரியில் காண்கிறோம். அன்றைய மருத்துவத்தை அவர்கள் நாடினார்கள். அத்துடன் அந்த வலி மீண்டும் வரவேயில்லை என்று அவ்வறிவிப்புச் சொல்லவில்லை. படைப்பிலெல்லாம் சிறந்தவர்களுக்கு வந்த வலி, ஈமானின் குறையால் வந்ததென எவர் சொல்லத் துணிவார்?

ஸப்ரு என்பதும் வாய்மூடிக் கிடப்பதன்று. அய்யூப் நபி (அலை) அவர்கள் தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள்; ஆயினும் பொறுமைக்கு அவர்களே சான்று. நோன்பின் பசியும் உறக்கக் குறைவும் பலருக்கு இவ்வலியைக் கிளப்பிவிடும். நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் எனத் திருக்குர்ஆன் இடம் தந்திருக்க, நம்பகமான மருத்துவர் தடுத்தும் கேளாமல் உடலை வதைப்பது பக்தியாகாது. அந்தச் சலுகையை ஏற்பவரை நோன்பைத் தட்டிக்கழிப்பவர் என ஏசுவதும் அறமாகாது.

ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். முயல்வது அடியானின் கடமை. பாவில் இழை அறுவதைக் கண்டு காஞ்சி நெசவாளி தறியைக் கைவிடுவதில்லை. அறாத பாவு வரட்டும் என்று காத்திருப்பதுமில்லை. அறுந்த இழையை முடிந்துவிட்டு மேலே நெய்கிறார், சேலை நிறைவடைகிறது. வலியற்ற நாட்களைக் கூட்டுவதும், வலிக்கும் நாளில் இருண்ட அறையும் இனிய சொல்லும் தருவதும் நம்மால் ஆகக்கூடியவை. முழுக் குணத்தை அவனிடம் கேட்டுக்கொண்டே இவற்றைச் செய்வோம். தணிப்பதும் அவனுடைய அருளே அன்றோ!