நாற்பதாம் நம்பர் நூல்

முதல் ஸ்தானத்தை என்றுமே எட்டாத வாழ்க்கையைப் பூரண வாழ்க்கை என்று சொல்லலாகுமா என்னும் விசாரம், ராஜபாளையத்தில் பகல் ஷிப்டு முடித்த மில் இளைஞர்கள் வெளிச்சம் உள்ளவரை பந்தை உதைத்துக்கொண்டிருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு எழுவதுண்டு. "நீ என்ன இந்தியாவுக்கா ஆடப் போகிறாய்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். உச்சிக்குப் போகாத பிரயாசை வீண் பிரயாசை என்பது அவர்கள் கணக்கு.

அந்த உச்சி எவ்வளவு நிலையற்றது என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. 2019 மார்ச் 9 அன்று, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. (பெயரில் சென்னை, ஆடியது கோவையில், நம் கால்பந்து நிர்வாகத்தின் விநோதங்களில் இது மிகச் சிறியது.) எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டு நடுக்கள வீரர்கள் உழைத்துச் சம்பாதித்த பட்டம் அது. அதே ஆண்டு அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஐ.எஸ்.எல். போட்டியை நாட்டின் முதல் லீகாக அங்கீகரிக்க, ஐ-லீக் இரண்டாம் படிக்கு இறங்கிற்று. அங்கே ஜெயித்தவர் மேலே ஏறுவதற்கு அப்போது வழியும் இல்லை. கால்கள் அவையேதான், ஆட்டமும் அதுவேதான்; ஒரு தீர்மானத்தில் தரம் மாறிவிட்டது. காகிதத்தால் மாறக்கூடிய ஒன்றை மனிதனின் உழைப்புக்கு அளவுகோலாக்குவது எந்த நியாயம்?

மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். நூறாம் நம்பர் நூல் சன்னம், நாற்பதாம் நம்பர் அதைவிடத் தடிப்பு. ஆனால் நாற்பதை, நூறாக முயன்று தோற்ற நூல் என்று எந்த மேஸ்திரியும் சொன்னதில்லை. இழை அறாமல் ஓடுகிறதா என்பதே அவர் கவலை.

ஏணி திறந்திருக்கும் தேசத்திலும் எல்லோருக்கும் உச்சி வாய்ப்பதில்லை. ஜெர்மனியில் ஹைடன்ஹைம் என்றோர் ஊர். நம் ஸ்ரீவில்லிபுத்தூரைவிட ஜனத்தொகை குறைந்தது. 2008-இல், அவ்வூர் அணி நான்காம் பிரிவில் கிடந்த காலத்தில், மார்க் ஷ்னாட்டரர் என்பவர் அதில் சேர்ந்தார். 2009-இல் மூன்றாம் பிரிவுக்கும் 2014-இல் இரண்டாம் பிரிவுக்கும் அதனுடனேயே ஏறி, நெடுங்காலம் அதன் தலைவராகவும் விளங்கினார். 2020-இல், முதல் பிரிவுக்கான தகுதி ஆட்டங்களில், வெர்டர் பிரேமனுடன் 0-0, 2-2 என்று சமன் செய்தும், எதிரணி வெளியூரில் அடித்த கோல்களுக்கு மதிப்பு அதிகம் என்ற விதியினால் வாய்ப்பு நழுவிற்று. அடுத்த ஆண்டு அவர் மூன்றாம் பிரிவு அணியான வால்ட்ஹோஃப் மன்ஹைமுக்குப் போனார். 2023-இல் ஹைடன்ஹைம் முதல் பிரிவுக்குள் நுழைந்தது, அவரின்றி.

துரதிருஷ்டசாலி என்று அவரைச் சிலர் இரங்கிப் பேசலாம். எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. பதின்மூன்று ஆண்டுகள் ஓர் ஊரின் அணியைத் தாங்கியவரின் உழைப்பு, அவர் போன பின்னர் வந்த வெற்றியிலும் கலந்திருக்கிறது. ஹைடன்ஹைமை முதல் பிரிவுக்குக் கொண்டுபோனவர்கள் யார் யார் என்று கேட்டால், ஷ்னாட்டரர் பெயரையும் சேர்த்தே நான் சொல்வேன்.