கண்ணிழந்த தகப்பன் சொன்ன புத்தி



நினிவே பட்டணத்தில் சிறைவாசியாயிருந்த பெரிய தொபியாஸ், கண் பார்வை இழந்து, தமக்குச் சாவு கிட்டியதென்று எண்ணி மகனை அழைத்தார். மேதியர் நாட்டில் கபேல் என்பவரிடமிருந்து அவருக்குப் பத்துத் தாலந்து வெள்ளி வரவேண்டியிருந்தது. அதையா முதலில் சொன்னார்? இல்லை, கடைசியில்தான் சொன்னார். தாயைச் சங்கிக்கவும், சர்வேசுரனை மறவாதிருக்கவும், கொஞ்சமே இருந்தாலும் அதிலும் தருமஞ் செய்யவும் முதலில் புத்தி சொன்னார். வேலையாளின் கூலி ஒரு பொழுதும் வீட்டில் தங்கலாகாது என்றும் கண்டித்துச் சொன்னார்.

பிள்ளைக்குப் பத்திரப் பெட்டியைக் காட்டி வைப்பது நல்லதுதான். ஆனால் தகப்பன்மாரே, சனிக்கிழமை அந்தியில் கூலிக்கு வந்து நின்றவளைத் "திங்கட்கிழமை வா" என்று அனுப்பினீர்களே. திண்ணையிலிருந்து உங்கள் மகன் பார்த்துக்கொண்டிருந்தான். இன்று பூசை முடிந்ததும் அவள் வீடு தேடிப் போய்க் கொடுத்துவிடுங்கள். மகனையும் கூட்டிப் போங்கள்.