புதன்கிழமை மனிதர்

பெங்களூரில் பகுத்தறிவு என்று பேச்செடுத்தால், வயதில் மூத்தவர்கள் முதலில் சொல்லும் பெயர் எச். நரசிம்மய்யா. ஊருக்கு அவர் எச்.என். அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதையும் பெரும்பாலும் ஒன்றுதான். 1976இல், பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தபோது, அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் ஆராய ஒரு குழு அமைத்தார். சத்ய சாயி பாபாவுக்கு, எங்கள் சோதனைக்கு உட்பட்டு அற்புதம் செய்துகாட்டுங்கள் என்று கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. மோதிரமும் விபூதியும் வேண்டாம், அங்கிக்குள் ஒளிக்க முடியாத பூசணிக்காய் ஒன்றை வரவழைக்கட்டும் என்று அவர் கேட்டதாகச் சொல்லி இன்றும் சிரிப்பார்கள்.

எனக்கும் அந்தப் பூசணிக்காய் பிடிக்கும். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1977இல் எச்.என். பதவியிலிருந்து இறங்கினார், குழுவும் நீடிக்கவில்லை. பாபாவின் பக்தர்கள் குறையவில்லை, பெருகினார்கள். 2001இல் ஒயிட்ஃபீல்டில் பாபாவின் பெயரால் ஒரு பெரிய மருத்துவமனை எழுந்தது. அங்கே இதய அறுவைச் சிகிச்சைக்குக்கூடக் காசு வாங்குவதில்லை. 2011இல் பாபா மறைந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. வாதத்தில் வென்றது யார் என்று பார்த்தால், 2005 ஜனவரி 31 அன்று காலமான எச்.என். தோற்றவர்தான். அப்படியும் அவர் வாழ்ந்தது தோற்றவருடைய வாழ்க்கையாகத் தெரியவில்லை. அது ஏன் என்ற கேள்வி என்னை நெடுநாளாக உறுத்தியது. அதில் என் சொந்தப் பிரச்சினை ஒன்றும் இருந்தது.

என் கடவுள் மறுப்பு போராடிப் பெற்றதல்ல. அல்சூரில், மாலை தவறாமல் விளக்கேற்றும் வீட்டில் வளர்ந்தவன். படிப்பு, வேலை, டிராஃபிக், அடுக்குமாடி என்று போன வருடங்களில் பக்தி தானாகத் தேய்ந்துபோயிற்று. இந்த ஊரில் என்னைப் போன்றவர்கள் ஏராளம். சண்டை போட்டு வெளியே வந்தவர்களுக்கு ஒரு கொள்கையாவது மிஞ்சும். தேய்ந்துபோனவர்களுக்கு அதுவும் கிடையாது. நல்ல நாட்களில் இது உறைக்காது.

அப்பா ஐ.சி.யு.வில் கிடந்தபோது உறைத்தது. அத்தை மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டாள். அம்மா சோமேசுவரர் கோயிலுக்குப் போய்த் திருநீறு கொண்டுவந்தாள். நான் மட்டும் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது. அவர்களுக்கு ஒரு தெய்வம் இருந்ததற்காக அல்ல, செய்வதற்கு ஒரு காரியம் இருந்ததற்காக.

அப்பா பிழைக்கவில்லை. இனி அந்த மஞ்சள் முடிச்சு என்னவாகும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து அத்தை சமயபுரம் போய்க் காசை உண்டியலில் சேர்த்துவிட்டு வந்தாள். “அவ குடுக்கலைன்னா நானும் குடுக்கக் கூடாதா? சொன்ன வார்த்தைன்னு ஒண்ணு இருக்கில்ல” என்றாள். கேட்டதைக் கொடுத்தால்தான் கடவுள், கொடுக்காவிட்டால் பக்தி உடைந்துவிடும் என்று என்னைப் போன்றவர்கள் நினைத்துக்கொண்டிருப்போம். அத்தையின் தெம்பு பலனில் இல்லை. சொன்னதைச் செய்வதில் இருந்தது. அப்படியென்றால் கடவுள் இல்லாமலும் அந்தத் தெம்பு கிடைக்குமா?

இந்த ஊரின் கரகத் திருவிழாவைப் பார்க்கும்போதெல்லாம் இதே யோசனை வரும். திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து சைத்ர பௌர்ணமி இரவில் கரகம் புறப்படும். எடுப்பவர்கள் தோட்ட வேலையைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட திகளர்கள்; அவர்கள் வீட்டுப் பேச்சில் தமிழ் வாடை அடிக்கும். கத்தியேந்திய வீரகுமாரர்கள் சூழ, பூக்கரகம் இரவெல்லாம் பேட்டைத் தெருக்களைச் சுற்றும். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போகும். திரௌபதி அந்தக் கரகத்தில் இறங்குகிறாள் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் ஒரு சமூகம் விரதமிருந்து, பயிற்சி எடுத்து, வருடம் தவறாமல் ஒரே இரவில் ஒன்றாக நிற்பதைக் கண்ணால் பார்க்கிறேன். கரகம் எடுப்பவருடைய பேரனுக்குப் பேரனும் அதே பௌர்ணமியில் அதே தெருவில் இருப்பான் என்ற உறுதியும் பக்தர்களுக்குக் கிடைக்கிறது. பஞ்சாங்கத்தில் அவர்களுக்கு நாள் குறித்திருக்கிறது. என் பஞ்சாங்கத்தில் சம்பள நாளும் இ.எம்.ஐ. நாளும்தான்.

நம்பாதவர்களுக்கும் இப்படி ஒரு நாள் வேண்டும் என்பதை எச்.என். உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். 1962இல், துணைவேந்தர் ஆவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, பசவனகுடி நேஷனல் கல்லூரியில் பெங்களூர் சயன்ஸ் ஃபோரம் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். புதன்கிழமை மாலைதோறும் பொதுமக்களுக்கு ஓர் அறிவியல் சொற்பொழிவு. ஜூலை வந்தால் தொடர் உரைகளோடு அறிவியல் விழா. அனுமதி இலவசம். மாணவன், ஓய்வுபெற்ற குமாஸ்தா, வழிப்போக்கன் என்று யாரும் வந்து உட்காரலாம். பூசணிக்காய் ஒருமுறை கேட்ட கேள்வி. புதன்கிழமை வாரந்தோறும் வந்தது.

அவருடைய வாழ்க்கையையும் இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் புரிகிறது. கௌரிபிதனூர் பக்கத்து ஹொசூரில் (நம் ஓசூர் அல்ல) 1920இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியில் சேர, பயணத்துக்குக் காசில்லாமல் பெங்களூருக்கு நடந்தே வந்தவர். 1942 போராட்டத்தில் சிறை சென்றார். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பிய பிறகும் கதரை விடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியைக் கல்லூரி விடுதி அறை ஒன்றிலேயே கழித்தார். கௌரிபிதனூரிலும் பாகேபள்ளியிலும் கல்லூரிகள் வரக் காரணமாக இருந்தார். ஒரு துறவியின் நாட்குறிப்பு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது இந்தப் பட்டியல். மோட்சம் மட்டும் இதில் இல்லை. அந்த இடத்தில் அடுத்த புதன்கிழமை இருந்தது.

தமிழ்நாட்டின் சுயமரியாதைக்காரர்களும் இதை அறிந்திருந்தார்கள். ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டிருந்தால் அந்த இயக்கம் வீடுகளுக்குள் போயிருக்காது. 1920களின் கடைசியிலிருந்து மாலை, உறுதிமொழி, வாழ்த்துரை என்று தங்களுக்கென ஒரு கல்யாணத்தையே உண்டாக்கினார்கள். 1967இல் அண்ணா ஆட்சி அதைச் சட்டமாக்கியது. வேண்டாம் என்று ஒன்றைத் தள்ளியவர்கள் அந்த இடத்தைக் காலியாக விடவில்லை.

எல்லா இடத்தையும் நிரப்பிவிட முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவை மறுபடி பார்ப்பேன் என்று அம்மா நம்புகிறாள். எனக்கு அது கிடையாது. அதற்கு ஈடாக என்னிடம் எதுவும் இல்லை. இந்த இடத்தில் பூசி மெழுகுவது நேர்மையாகாது. திருவானைக்காவலில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த சி.வி. ராமன், தனக்குச் சடங்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். 1970 நவம்பரில் அவர் இறந்தபோது தன் ஆய்வு நிறுவனத்தின் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டார். அந்த இடத்தில் சமாதி இல்லை, ஒரு மரம் இருக்கிறது. அவர் நாத்திகரா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை. சாவைப் பற்றி ஆறுதல் எதுவும் புனையாமலேயே அவர் விடைபெற்றது எனக்கு முக்கியம். சமாதி கட்டாத அந்த வளாகத்தில் ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது. எனக்குத் தெரிந்த மறுமை அவ்வளவுதான். அது சிறியது, ஆனால் பொய்யில்லை.

எனக்கும் ஒரு கிழமை கிடைத்தது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து பெங்களூர் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருகின்றன. கன்னடம் தெரியாது, ஆங்கிலப் படிவம் புரியாது. எந்த வரிசையில் நிற்பது, ஸ்கேன் எங்கே எடுப்பது, ரிப்போர்ட்டை யாரிடம் காட்டுவது என்று திகைத்து நிற்பார்கள். நண்பர் ஒருவர் கூப்பிட்டுப் போகத் தொடங்கியவன், இப்போது சனிக்கிழமை காலைகளில் படிவம் எழுதித் தருகிறேன், மொழிபெயர்க்கிறேன். ஒரு அம்மாள், “நீங்க எந்தக் கோயில் ஆளுங்க?” என்று கேட்டார். “கோயில் இல்லைம்மா, அல்சூர்” என்றேன். “அந்தச் சாமி உங்கள நல்லா வெக்கட்டும்” என்று கும்பிட்டார். அல்சூரையும் ஒரு சாமியாக்கிவிட்டார்.

அங்கே வருகிறவர்கள் எல்லாரும் குணமாவதில்லை. சிலர் அடுத்த முறை வருவதே இல்லை. படிவம் நிரப்பினால் புற்றுநோய் போய்விடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை அந்த வரிசையில் திகைத்து நிற்கும் ஒருவருக்குத் தமிழில் பதில் சொல்ல ஆள் இருக்கும். அது நடக்கும் என்று அடித்துச் சொல்ல எனக்கு யாருடைய அருளும் தேவைப்படவில்லை, ஏனென்றால் அதை நடத்துவது நாங்கள். அத்தை தன் காசைச் சேர்த்ததுபோல, பலன் எப்படிப் போனாலும் செய்ய வேண்டியது கையில் இருக்கிறது.

இதிலும் ஒரு குறை இருக்கிறது. எச்.என். இறந்து இவ்வளவு ஆண்டுகளுக்குப் பிறகும் அவருடைய புதன்கிழமை தொடர்கிறது. என் சனிக்கிழமையோ எனக்குக் காய்ச்சல் வந்தால் ஆட்டம் காணும். ஒரு ஆள் இல்லாவிட்டால் நின்றுபோகும் காரியம் அந்த ஆளின் ஆறுதலாக இருக்கலாம். ஊருக்கு அது உதவாது. நான் வராத வாரத்திலும் அது நடக்க வேண்டும். அதற்கு, கடவுளை நம்புகிறவரோ நம்பாதவரோ, தமிழும் கன்னடமும் தெரிந்த இன்னும் நாலு பேர் வேண்டும். தேடிக்கொண்டிருக்கிறேன்.