சொல்வதா, மறைப்பதா?

ஆனிச் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலை. தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் என் நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஊர் திரும்ப இருந்தவனை அவர்தாம் வற்புறுத்தி அழைத்து வந்தார். காபி குடித்து முடித்ததும் உள்ளே போய் ஒரு காகித உறையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"இதை இன்னும் வீட்ல யாருக்கும் காட்டலை" என்றார்.

பெருங்குடலில் புற்றுநோய் கண்டு அவருக்கு அறுவை நடந்து ஓராண்டாகிறது. அவர் தாயாரும் அதே நோயில் போனவர். அண்ணன் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. ஊரார் குலசாபம் என்றார்கள். மருத்துவர்கள் இரத்தத்தைச் சோதித்து, 'லிஞ்ச் கோளாறு' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அந்தப் பெயர் ஹென்றி லிஞ்ச் என்ற அமெரிக்க மருத்துவருடையது. ஆனால் கதை அவருக்கு முந்தியது. 1895-ல் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற மருத்துவரிடம், அவருக்குத் துணி தைத்துக் கொடுத்த பெண் தன் குடும்பத்தில் பலர் குடலிலும் கருப்பையிலும் புற்று வந்து மாண்டதைச் சொல்லி, தானும் அப்படியே போவேன் என்றாள். அவர் சிரித்துத் தள்ளிவிடாமல் அந்த வம்சத்தையே விசாரித்து 1913-ல் எழுதி வெளியிட்டார். அவளும் சொன்னபடியே கருப்பைப் புற்றில் இறந்தாள்.

எழுத்துத் தொழிலில் இருப்பவனுக்கு இது எளிதில் விளங்கும். உடலின் அணுக்கள் ஓயாமல் தம்மைப் பிரதி எடுக்கின்றன. பிரதியில் பிழை விழும். அவற்றைத் திருத்த, அச்சகத்தில் புரூப் பார்ப்பவரைப் போல, தந்தை வழியில் ஒருவர், தாய் வழியில் ஒருவர் உண்டு. நண்பரின் குலத்தில் சிலர் ஒருவரோடு மட்டும் பிறக்கிறார்கள். அவரும் ஏதோ ஓர் அணுவில் கண் அயர்ந்தால் பிழைகள் குவிந்து புற்றாகின்றன. குடற்புற்று நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்குத்தான் காரணம் இது. ஆனால் அந்தக் குறை உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இறங்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

நண்பரின் மகனுக்கு அவர் தங்கை மகளைப் பேசி ஆவணியில் நாள் குறித்தாயிற்று. முறைப்பெண். இருவரிடமுமே அந்தக் குறை இருந்தால், பிறக்கும் குழந்தை புரூப் பார்ப்பவர் இருவருமே இல்லாமல் பிறக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படிப் பிறந்தால் பால்யத்திலேயே மூளையிலோ இரத்தத்திலோ குடலிலோ புற்று வரக்கூடும்.

"ஜாதகம் சரியில்லைன்னு கல்யாணத்தை நிறுத்திப்போடுதேன். இதைச் சொன்னா அந்தப் புள்ளையை அப்புறம் எவன் கட்டுவான்? நீரே சொல்லும்."

எனக்கு அந்தப் பொய் பிடித்திருந்தது. பொய்யை அழகாகச் சொல்லியே பிழைப்பவன் நான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: பிறக்காத குழந்தையைக் காப்பாற்றும் அந்தப் பொய், பிறந்து வளர்ந்து இலஞ்சியில் நிற்கும் இரண்டு பெண்களைக் கைவிடுகிறதே! தங்கையிடம் குறை இல்லாமலே இருக்கலாம். ஒரு சோதனை சொல்லிவிடும். இருந்தாலும், இருபது, இருபத்தைந்து வயது முதல் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, முளைக்கும் சதையை அப்போதே நீக்கினால் பெரும்பாலும் தப்பலாம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு வந்த மலக்குடல் புற்றைச் சீதபேதி என்றே நினைத்து வைத்தியம் பார்த்தார்கள், 1923-ல் இறந்தாள். அந்தத் துயரத்தில் முளைத்த எண்ணம் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. அன்று நோய் இன்னதென்று தெரியவில்லை. இங்கே தெரிந்த சங்கதி உறைக்குள் கிடக்கிறது.

நண்பரின் பயமும் வெறும் பயமல்ல. ஊர் வாய் பொல்லாதது. பெண் என்றால் இன்னும் பொல்லாதது. ஆனால் ஊருக்குச் சொல்லாதிருப்பது வேறு, உடம்புக்குரியவளிடமே மறைப்பது வேறு. தங்கையிடம் மட்டும் சொல்லும், மகளிடம் சொல்வது அவள் பொறுப்பு, சம்பந்திகளிடம் யாரும் சொல்ல வேண்டாம் என்றேன்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு உறையை வாங்கி, நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு, குடையை எடுத்தார்.

"நீரும் கூட வாரும்" என்றார்.

யோசனை சொன்ன வேகம் எனக்கு எழுந்திருப்பதில் இல்லை. மெதுவாக இறங்கிச் செருப்பைத் தேடினேன்.