நெகிழ்வும் நிலையும்

இடத்துக்கேற்பத் தன்னைத் தளர்த்திக்கொள்பவன் சுதர்மத்தைக் கைவிட்டவன் ஆவானா என்பது, தர்ம விசாரம் செய்வோர் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. அதற்கு ஒரு வாகனத்தை உவமையாகக் கொள்ளலாம். தேருக்குக் கடலும் கலத்துக்குத் தரையும் உரியவை அல்ல என்று இடனறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த எல்லையைக் கடப்பதுபோல, நீரிலும் நிலத்திலும் செல்லும் இராணுவ வாகனம் ஒன்று, அர்ச்சுனனுடைய தேர்க்கொடியை நினைவூட்டும் 'கபித்வஜ்' என்ற பெயர் தாங்கி, 2025-ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்பில் வந்தது. அதன் ஆற்றல் ஆளுயரத்துப் பெருஞ்சக்கரங்களில் இருக்கிறது.

மல்லாங்கிணறு என்னும் ஊரின் கரிசல்காட்டார்க்கு அந்தச் சூட்சுமம் புதிதன்று. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல் ஐப்பசி மழையில் பசையாகக் குழைந்துவிட, இரும்புப் பட்டை பூட்டிய கட்டைவண்டிச் சக்கரம் ஆழப் புதையும் இடத்தையும், பாரத்தை அகலப் பரப்பித் தாங்கும் டயர் வண்டி ஒருவாறு கடந்துவிடும்.

மோட்டார் கார் டயரில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 30 ராத்தல் அழுத்தம் வேண்டும். ஆறு அல்லது எட்டுச் சக்கரங்களோடு நீரில் இறங்கும் சிறு வாகனங்களுக்கோ 5 ராத்தலை ஒட்டிய அழுத்தமே போதும். காற்றைக் குறைக்கக் குறைக்க டயர் அகன்று படிகிறது. நிலம் அதைச் சுமக்கிறது. நீரில் அதன் ஆழ்ந்த வரிகளே துடுப்பாகின்றன. ஆதலால் இத்தகைய வாகனத்துக்கு டயர் தேர்வோர் அகலத்தையும், சேறு அப்பிக்கொள்ளாத இடைவெளி கொண்ட வரிகளையும், சீமைக்கருவேல முள்ளைத் தாங்கும் கனத்தையும் பார்த்தல் வேண்டும்.

ஆனால் காற்றை முற்றும் இழந்த டயர் விளிம்பைவிட்டுக் கழன்றுவிடும். மெத்தென்ற டயரோடு தார்ச்சாலையில் விரைந்தால் பக்கச்சுவர் சூடேறிப் பிளக்கும். இருபுறத்துக் காற்றும் ஒவ்வாவிடில் வண்டி ஒருபக்கமாக இழுக்கும். வெயில் ஏறுமுன், சிற்றழுத்தத்தை அளக்கவென்றே அமைந்த கருவியால் சோதிப்பது அவசியம். முப்பது ராத்தலுக்கென அமைந்த கருவிக்கு ஒரு ராத்தல் குறைவு புலப்படாது.

டயருக்குச் சொன்னது மனத்துக்கும் பொருந்தும். மல்லாங்கிணற்றுக்கு அருகிலுள்ள திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு பிறந்து, 1896-இல் வீடு துறந்து அருணாசலம் அடைந்த ரமண மகரிஷி, தம்மிடம் சந்நியாசம் வேண்டி வந்த இல்லறத்தாரையெல்லாம் வீட்டைத் துறக்கச் சொல்லவில்லை. துறக்கத்தக்கது அகங்காரமே என்றார். காட்டுக்கும் வீட்டுக்கும் பொதுவான சாதனம் அத்துறவே. விறைத்து நிற்கும் 'நான்' என்பது எவ்விடத்தும் புதைகிறது. அது தளருந்தோறும் உலகம் நம்மைத் தாங்குகிறது. எனினும் தளர வேண்டுவது புறத்து ரப்பரே அன்றி உள்ளிருக்கும் உலோக விளிம்பு அன்று. சத்தியத்தில் நெகிழ்ந்தவனுக்குத் தரையும் இல்லை, நீரும் இல்லை. நெகிழ்வது சுதர்மத் துரோகம் ஆகாது. நித்தமும் அளந்து பாராமல் நெகிழ்வதே துரோகம்.