ஒரு கையொப்பத்தின் பாரம்



2004 டிசம்பர் 26ஆம் திகதி, நத்தார்ப் பெருவிழாவுக்கு மறுநாள் ஞாயிறு காலையில், கல்முனைக்குத் தெற்கே காரைதீவுக் கரையில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. அதே அலை அதே காலையில் தமிழ்நாட்டுக் கரையிலும் ஏறியது. சென்னைக்குத் தெற்கேயுள்ள கல்பாக்கத்தில் அணு மின்னிலையம் இயங்கிக்கொண்டிருந்தது. கடல்நீர் அதன் நீரேற்றுக் கூடத்துக்குள் புகுந்தது. பணியிலிருந்தவர்கள் உலையை நிறுத்தினார்கள். அது பத்திரமாக நின்றது. ஊழியர் குடியிருப்பிலோ உயிர்கள் போயின. பக்கத்தில் புதிய உலையொன்றுக்கு வெட்டியிருந்த அத்திவாரக் குழி கடல்நீரால் நிறைந்தது.

காரைதீவு மீனவனின் குடிசை எந்த உயரத்தில் இருக்க வேண்டுமென்று ஒருவரும் கணக்குப் பார்த்ததில்லை. அணு மின்னிலையம் அப்படியன்று. கடல் எவ்வளவு உயரம் வரும், சுவர் எவ்வளவு தடிப்பு என்பதையெல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்னரே யாரோ ஒருவர் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் இட்டிருப்பார். அந்த மனிதரைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். அணு மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறொரு வாதம். அதை இங்கு நான் தொடவில்லை.

வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்: லின்டலுக்குள் எத்தனை கம்பி போடப்பட்டது என்பது, பூச்சு வேலை முடிந்த பின் மேசனுக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். அணு மின்னிலையத்தில் இத்தகைய மறைவிடங்கள் ஆயிரக்கணக்கானவை. ஆகையால் வேலையைத் திட்டமிட்டு மேற்பார்வை செய்வோர் இடையிடையே ஒரு தடையை வைக்கிறார்கள். கொங்கிறீற் கொட்டுமுன் கம்பிக்கட்டைப் பரிசோதகர் பார்க்க வேண்டும். குழாய்களின் ஒட்டுக்களைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அவர் கையொப்பமிடாமல் அடுத்த வேலையில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. ஏட்டில் இது எளிது. ஆனால் கொங்கிறீற் லொறிகள் வரிசையில் காத்து நிற்கும்போது, தாமதமாகும் ஒவ்வொரு நாளும் பெருந்தொகையாய்க் கரையும்போது, "போடுங்கள் ஐயா, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நாலு பேர் சொல்லும்போது, அந்தப் பேனாவைப் பிடித்திருக்கும் கையை எண்ணிப் பாருங்கள்.

பேனா பொய் சொன்ன கதையும் உண்டு. 2012இல் தென்கொரியாவில், அணு உலைகளுக்கு வழங்கப்பட்ட உதிரிப் பாகங்கள் பலவற்றின் தரச் சான்றிதழ்கள் போலியானவை என்று தெரியவந்தது. உலைகள் நிறுத்தப்பட்டன. மறு ஆண்டு, மின்வடங்களின் பரிசோதனை அறிக்கைகளிலும் அதே மோசடி வெளிப்பட்டது. ஒருவரும் சாகவில்லை, எனவே இது சிறு பிழைதான் என்று சொல்லுவீர்களா?

கூடங்குளத்தைப் பாருங்கள். 1988இல் ராஜீவ் காந்தியும் கொர்பச்சேவும் செய்த ஒப்பந்தம். 2002இல் கட்டட வேலை ஆரம்பம். முதல் உலை உயிர்பெற்றது 2013 ஜூலையில். இடையில் தமிழ்நாடு கடும் மின்வெட்டில் தவித்தது. இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்றலில், நம்மைப் போன்ற கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் உலை வேண்டாமென்று உண்ணாநோன்பு இருந்தன. இரு பக்கத்து நெருக்குதலுக்கும் நடுவே, 2013 ஏப்ரலில், ஆயிரக்கணக்கான வால்வுகளைச் சோதித்ததில் நான்கு சரியாக இயங்கவில்லை என்று அறிவிக்கப்பட்டது. அவற்றைச் சீர்செய்யும்வரை உலை காத்திருந்தது. ஆயிரங்களில் நான்கு! விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? விடாதவரை நான் மதிக்கிறேன். ஆனால் பாதுகாப்பு அறிக்கைகளை எங்களுக்குக் காட்டுங்கள் என்று இடிந்தகரை மக்கள் கேட்டதும் அதே நியாயத்தின் மறுபக்கமே. கையொப்பம் யாருக்காக இடப்படுகிறதோ, அவர்களுக்கு அதை வாசிக்க உரிமையில்லையா? வாசிப்பதென்றால் தமிழில் வாசிக்க வேண்டும். காரைதீவில் பிறந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்த சுவாமி விபுலானந்தர், விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கு ஏன் அவ்வளவு பாடுபட்டார் என்பது இப்போது விளங்குகிறது.

இனி, மிகக் கடினமான இடத்துக்கு வருகிறேன். புக்குஷிமா நிலையத்துக்கு 15 மீற்றருக்கு மேற்பட்ட அலை வரக்கூடும் என்று, அதை நடத்திய கம்பனிக்குள்ளேயே 2008இல் கணக்கிடப்பட்டது. ஆயினும் கடற்சுவர் உயர்த்தப்படவில்லை. 2011 மார்ச் 11இல் அலை வந்தது. தாழ்வான தளங்களிலிருந்த மின்பிறப்பாக்கிகள் மூழ்கின. அந்தக் கம்பனியின் முன்னாள் அதிகாரிகள் குற்றவாளிகள் அல்லர் என்ற தீர்ப்பை ஜப்பானிய உயர் நீதிமன்றம் 2025இல் உறுதிசெய்தது. நீதிமன்றத்தோடு எனக்கு வழக்கில்லை. எனினும் மனச்சாட்சி கேட்கும் கேள்வி சட்டம் கேட்கும் கேள்வியிலும் பெரியது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது செய்ததை நினைவுகூருகிறோம். செய்யாமல் விட்டதை எத்தனை பேர் நினைக்கிறோம்? நூறு பேர் சேர்ந்து விட்டுவிட்ட கடமையில், ஒவ்வொருவருடைய பங்கும் நூற்றிலொன்று என்று நான் நம்பவில்லை.

எதற்குமே கையொப்பமிடாதவரும் நேர்மையாளர் ஆகிவிடமாட்டார். பொறுப்புக்கு அஞ்சி இழுத்தடிப்பவராலும் வீடுகள் இருளில் கிடக்கின்றன.

நம் நாட்டில் 2014ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம், அணுசக்தியை வளர்க்கும் சபையையும் அதைக் கண்காணிக்கும் பேரவையையும் வெவ்வேறாக்கியது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பேரவையில் நாளை உட்காரப்போவது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். "அம்மா, கையெழுத்துப் போடச் சொல்லி நெருக்குகிறார்கள்" என்று அவன் இரவில் தொலைபேசியில் சொன்னால், வீட்டுக் கடனையும் தங்கையின் கலியாணத்தையும் நினைத்து நாம் என்ன பதில் சொல்வோம்?

புக்குஷிமாவுக்கு வடக்கே ஒனகாவா என்னும் இடத்தில், நில நடுக்கத்தின் மையத்துக்கு இன்னும் அருகில், மற்றோர் அணு மின்னிலையம் உண்டு. யனொசுக்கே ஹிராய் என்ற பொறியியலாளர், 869ஆம் ஆண்டுப் பேரலையை மனத்திற்கொண்டு, அந்த நிலையம் கடல்மட்டத்திலிருந்து 14.8 மீற்றர் உயரத்திலேயே அமைய வேண்டுமென்று பிடிவாதமாய் நின்றார். அவ்வளவு உயரம் எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர் 1986இல் இறந்துபோனார். 2011இல் சுமார் 13 மீற்றர் அலை வந்தது. நிலையம் தப்பியது. வீடிழந்த அயற்கிராம மக்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் அந்த அணு மின்னிலைய வளவுக்குள்ளேயே தஞ்சம் புகுந்து தங்கினார்கள்.